எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட்: கடலுயிர் முட்டைகளை ஆராய்ந்த அறிஞர்

அட்லாண்டிக் மாகடலின் மேல்கரையில், அமெரிக்க ஐக்கிய நாடுகளைச் சார்ந்த மாசசூசெட்ஸ் மாநிலத்தில், வுட்ஸ் ஹோல் என்னும் சிற்றூர் ஒன்று உளது. வேனிற்காலத்து நிலவில்லா முன்னிரவுகளில் ஆங்குள்ள கடல்நீரின் மேற்பரப்பில் ஓர் அரிய காட்சி தோன்றும். ஏனைய நாளெல்லாம் கடலடிச் சேற்றில் மறைந்து வாழும் நீரிஸ் என்னும் புழுக்கள், உருவும் நிறமும் வேறுபட்டு, இனம் பெருக்கும் பொருட்டு நீர்மேல் எழுந்து திரியும். ஆண்புழு சிறியது, வட்டமிட்டு விரைந்து நீந்தும். பெண்புழு பெரியது, மெல்லெனச் செல்லும். முட்டையையும் விந்தையும் நீரிற் சொரிந்து விட்டால் அவற்றின் வாழ்வும் ஏறக்குறைய முடிந்ததென்க. 1910-ஐ அடுத்த ஆண்டுகளில், அவ்வூர்ப் படகுத்துறையில் விளக்கொளியை நீர்மேற் படியவிட்டு, ஒளியை நாடி வரும் புழுக்களைச் சிறு வலையால் ஒவ்வொன்றாக ஏந்தியெடுத்து, ஆணையும் பெண்ணையும் வெவ்வேறு கலங்களில் இட்டுப் பொறுமையோடு நின்றார் ஓர் இளைஞர். அவரே எர்னஸ்ட் எவரெட் ஜஸ்ட். முட்டையை விந்தணு அணுகும் அக்கணத்தில் முட்டையின் மேற்பரப்பில் யாது நிகழ்கின்றது என்னும் ஒரே வினாவுக்குத் தம் வாழ்நாள் முழுவதையும் ஈந்தவர் இவர்.

தமிழ் பயில்வானுக்கு விலங்குநூலில் என்ன வேலை என்று நண்பர் சிலர் என்னை வினவினர். அவர்க்கு யான் கூறும் விடை ஒன்றுண்டு. ஜஸ்ட் பெருமகனாரும் முதற்கண் இலக்கியம் கற்பித்த ஆசிரியரே. அன்றியும், அவர்தம் வரலாற்றைப் படிக்கத் தொடங்கிய பின்னர் அதனைக் கீழே வைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆய்வுநூற் பகுதிகளை விலங்கியல் வகுப்பைச் சேர்ந்த என் தோழர் ஒருவர் பன்முறை விளக்கியே எனக்கு விளங்கச் செய்தார். பிழை உளதாயின் அஃது என்னுடையது.

ஜஸ்ட் 1883-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14-ஆம் நாள் தென் கரோலினா மாநிலத்துச் சார்ல்ஸ்டன் நகரிற் பிறந்தார். ஆப்பிரிக்காவினின்று அடிமைகளாகக் கொணரப்பட்ட மக்களின் வழிவந்த குடும்பம் அவருடையது. அடிமை முறை சட்டத்தால் ஒழிந்து அப்பொழுது பதினெட்டு ஆண்டுகளே சென்றிருந்தன. தந்தையாரும் பாட்டனாரும் கப்பல் துறைமேடைகள் கட்டுந் தொழிலினர். எர்னஸ்டுக்கு நான்கு வயது நிரம்புமுன்னரோ நிரம்பிய அணிமையிலோ அவ்விருவரும் ஒரே ஆண்டில் இறந்துபட்டனர். குடும்பச் சுமை முழுதும் அன்னையாராகிய மேரி அம்மையார் தலைமேல் வீழ்ந்தது.

இவ்வம்மையாரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். கறுப்பர் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியை வேலை பார்த்து வந்த இவர், அவ்வூதியம் போதாமையின், கோடை விடுமுறைகளில் அண்மையிலுள்ள ஜேம்ஸ் தீவில் பாஸ்பேட் கல் தோண்டும் இடங்களுக்குச் சென்று உடலுழைப்பும் மேற்கொண்டார். அங்கு வாழ்ந்த ஏழை மக்களைத் தூண்டி, நிலம் வாங்கச் செய்து, அவர்க்கென ஓர் ஊரையே உண்டாக்கினார். அவ்வூருக்கு மேரிவில் என அவர் பெயரையே மக்கள் இட்டனர். இங்ஙனம் ஊரையே ஆக்கிய தாயார்க்கு மகனைப் படிக்க வைத்தல் எளிதாயிருக்கவில்லை. சிறுவனுக்கு டைபாய்டு சுரம் கண்டு பல வாரம் படுக்கையிற் கிடந்தான். உயிர் பிழைத்தான், ஆயின் கற்ற எழுத்தனைத்தும் மறந்து போயின. எழுதவும் படிக்கவும் மீண்டும் முதலிலிருந்தே தொடங்க வேண்டியதாயிற்று. அன்னையார் பொறுமையோடு கற்பித்துப் பார்த்து, ஒரு நிலையில் நம்பிக்கை இழந்தார் என்பர். பின்னர் அவன் தானே முயன்று எழுத்தை மீட்டுக் கொண்டான்.

பதின்மூன்றாம் வயதில் ஆரஞ்சுபர்க் நகரிலிருந்த கறுப்பர் கலாசாலைக்கு அனுப்பப்பட்டு, 1899-ல் ஆசிரியராதற்குரிய உரிமைச்சீட்டும் பெற்றார். அப்பொழுது அவர்க்கு வயது பதினைந்து. ஆயினும் தெற்கு மாநிலங்களிற் கிட்டும் கல்வி தம் மகனுக்குப் போதாதெனக் கருதிய அன்னையார் அவரை வடக்கே விடுத்தார். 1900-ல் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மெரிடன் என்னும் ஊரிலுள்ள கிம்பல் யூனியன் பள்ளியில் அவர் சேர்ந்தார். இரண்டாம் ஆண்டில் ஊருக்குத் திரும்பியபொழுது, தாயாரைக் காணும் ஆவலோடு வந்தவர், ஒரு மணி நேரத்துக்கு முன்னரே அவரை அடக்கம் செய்துவிட்டனர் என்னும் செய்தியையே கேட்டார். நான்காண்டுப் படிப்பை மூன்றாண்டில் முடித்து, 1903-ல் வகுப்பில் முதல்வராகத் தேறி அவர் வெளிவந்தபொழுது அதனைக் கண்டு மகிழ வேண்டியவர் இலர்.

டார்ட்மவுத் கலாசாலையில் நான்காண்டு பயின்றார். தொடக்கத்தில் கிரேக்கமும் இலக்கியமுமே அவருள்ளத்தைக் கவர்ந்தன. முட்டையினின்று உயிர் வளரும் முறையைப் பற்றிய பகுதியை உயிர்நூல் வகுப்பிற் படித்த பின்னரே அவர் வழி திரும்பிற்று. 1907-ல் விலங்கியலில் தனிச்சிறப்பும், தாவரவியல், வரலாறு, சமூகவியல் ஆகியவற்றிற் சிறப்பும் பெற்று, அவ்வாண்டு மாணவருள் உயர்ந்த பாராட்டுடன் தேறினார்.

இத்தகைய மாணவனுக்கு எக்கலாசாலையும் கதவு திறந்திருக்கும் என்று நாம் எண்ணலாம். அஃது அவ்வாறன்று. கறுப்பர் ஒருவரை ஆசிரியராக ஏற்க வெள்ளையர் கலாசாலைகள் அந்நாளில் ஒருப்படவில்லை. கறுப்பர்க்கென வாஷிங்டன் நகரில் நிறுவப்பட்டிருந்த ஹவார்டு பல்கலைக்கழகமே அவர்க்கு இடந் தந்தது. 1907-ல் அங்கு அவர் ஏற்றது ஆங்கில ஆசிரியர் பதவி. மாணவரைக் கொண்டு நாடகம் நடத்துவதிலும் ஊக்கங் காட்டினார். 1909 முதல் உயிர்நூலும் கற்பித்து, 1912-ல் புதிதாக ஏற்பட்ட விலங்கியற் பகுதிக்குத் தலைவராகி, இறக்கும் வரை அப்பதவியில் இருந்தார். அதே 1912-ல், அப்பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் மொழி கற்பித்து வந்த எதெல் ஹைவார்டன் அம்மையாரை மணந்தார். அவர்க்கு மூன்று மக்கள் பிறந்தனர்.

1909-ஆம் ஆண்டு வேனிலில் வுட்ஸ் ஹோல் கடலுயிர் ஆய்வுக்கூடத்திற்கு அவர் முதன்முறையாகச் சென்றார். அக்கூடத்தின் தலைவராகவும், சிக்காகோப் பல்கலைக்கழகத்து விலங்கியல் ஆசிரியராகவும் விளங்கிய பிராங்க் லில்லி என்பார் அவரைத் தம் துணைவராக ஏற்றுக் கொண்டார். இவ்விருவரிடை ஏற்பட்ட நட்பு ஆசிரியர் மாணவர் நட்பாகத் தொடங்கி நெடுநாள் நின்றது. அது முதற்கொண்டு ஏறக்குறைய இருபது வேனில்களை ஜஸ்ட் அங்குக் கழித்தார். மழைக்காலத்தில் வாஷிங்டனில் வகுப்புகள், வேனிலில் கடற்கரை. ஆராய்ச்சிக்கெனக் கிட்டியது ஆண்டில் அச்சில திங்களே.

1912-ல் வெளியான அவர்தம் முதற் கட்டுரையைப் பற்றிக் கூறாமல் அப்பாற் செல்லுதல் தகாது. கருவுற்ற நீரிஸ் முட்டை முதலில் இரண்டாகப் பிளக்கின்றது. அப்பிளவு எத்திசையிற் செல்லும் என்பதை முட்டை முன்னரே தீர்மானித்துள்ளதா, அன்றி விந்தணு நுழைந்த இடம் தீர்மானிக்கின்றதா என்பது வினா. இதனையறிய விந்தணு நுழைந்த புள்ளியைக் கண்டு, பிளவு தோன்றும் வரை கண்ணை எடாது காத்தல் வேண்டும். முட்டையைச் சூழும் கூழ்ப்படலமோ நீரைப்போல் தெளிவானது, கண்ணுக்குப் புலனாகாது. ஆதலின் எழுதும் கருமையைக் கடல்நீரிற் கலந்து, அதனுள் முட்டைகளை இட்டனர். மைத்துகள்கள் கூழினுள் புகா; ஆகவே கருநீரிடையே கூழ்ப்படலம் வெண்ணிற வளையமாகத் தோன்றிற்று; விந்தணு நின்ற இடமும் அடையாளப்பட்டது. சாயமேற்றி நுண்பொருளைக் காணும் கலையில் இதனினும் எளிய முறை பிறிதொன்றில்லை எனலாம். முட்டையைக் கொல்லாமலும் அதன் மேனியைத் தீண்டாமலும், சுற்றியுள்ள நீருக்கு மட்டும் நிறமேற்றிப் பெற்ற விடை இது. முதற் பிளவு விந்தணு நுழைந்த புள்ளியை ஒட்டியே செல்கின்றது என்பதனை ஜஸ்ட் காட்டினார்.

1915-ல், கறுப்பர் முன்னேற்றத்திற்கென உழைத்த தேசியச் சங்கத்தார் ஸ்பிங்கார்ன் என்னும் பதக்கத்தை முதன்முதலாக ஜஸ்டுக்கே வழங்கினர். அப்பொழுது அவர் டாக்டர் பட்டமும் பெற்றிலர். ஓராண்டு விடுப்பெடுத்துச் சிக்காகோவிற் பயின்று, 1916-ல் அப்பட்டத்தைப் பெற்றார்.

அந்நாளில் கருவுறுதலைப் பற்றி இரு கட்சிகள் இருந்தன. ஜாக் லோப் என்னும் பேரறிஞர், விந்தணு இல்லாமலே கடல் முள்ளெலியின் முட்டையை வளரச் செய்யலாம் என்று 1899-ல் காட்டிப் புகழ் பெற்றிருந்தார். முட்டை ஒருவகைப் பொறி. தக்க வேதிப்பொருளை இட்டால் அது இயங்கும் என்பது அவர் கொள்கை. லில்லியோ, முட்டை வெளியிடும் பொருளொன்று விந்தணுவையும் முட்டையையும் பிணைக்கின்றது எனக் கருதி, அதற்குப் பெர்டிலிசின் எனப் பெயரிட்டார். ஜஸ்ட் லில்லியின் கட்சியினின்றே தொடங்கினார். ஆயினும் அவர் கண்கள் அவருடையவே. முட்டையை வளரச் செய்ய இரண்டு மருந்து வேண்டும், ஒன்று கெடுப்பது மற்றொன்று திருத்துவது என்று லோப் கூறியிருக்க, உப்பு மிகுந்த கடல்நீர் ஒன்றே போதும் என்று ஜஸ்ட் செய்து காட்டினார். பெயர் பெற்ற ஒருவரோடு மாறுபடுதல் எவர்க்கும் இடர்தான். ஆதரிப்பார் சிலரேயான கறுப்பர் ஒருவர்க்கு அது பன்மடங்கு இடர் என்பதைப் படிப்பவரே உணர்வர்.

1919-ல் அவர் வெளியிட்ட கட்டுரைகளே என் கருத்தில் அவர்தம் தலைசிறந்த பணி. கடல் முள்ளெலியின் இனத்ததாய், மணலில் தட்டையான வட்டில்போற் கிடக்கும் ஓருயிரின் முட்டைகளை எடுத்துக் கொண்டு, விந்தணு தீண்டிய கணமுதல் நிகழ்வனவற்றை நொடி நொடியாக நோக்கி எழுதினார். விந்தணு பற்றிய புள்ளியில் முட்டையின் மேற்படை சற்றே மாறும். அம்மாற்றம், குளத்தில் எறிந்த கல்லினின்று அலை விரிவது போல, அப்புள்ளியினின்று முட்டையைச் சுற்றி ஓடி மறுபுறத்தை எய்தும். அதன் பின்னரே கருவுறை என்னும் மெல்லிய சவ்வு முட்டையைவிட்டு மேலெழும்பும். சவ்வு எழுந்தமையாலன்று மற்ற விந்தணுக்கள் தடைப்படுவது. கண்ணுக்குத் தோன்றா அவ்வலை கடந்த இடத்தில் சவ்வு எழுமுன்னரே வேறொரு விந்தணுவும் நுழைய இயலாது என்று அவர் கண்டார். பல விந்தணுக்கள் நுழைந்தால் முட்டை கெடும். ஆதலின் இஃது உயிருக்கே காவலான செயல். அவர்க்கிருந்த கருவியோ எளிய நுண்பெருக்கிக் கண்ணாடியே. ஏறத்தாழ அறுபதாண்டு சென்ற பின்னர், அவ்வலையோடு உடன் செல்வது கால்சிய அணுக்களின் எழுச்சி என்பதும், விந்தணு பட்டவுடன் முட்டைமேனியின் மின்னிலை மாறுகின்றது என்பதும் கருவிகளால் அளந்தறியப்பட்டன. கண்ணால் மட்டும் நோக்கிய ஒருவர் கண்டதை மின்கருவிகள் மெய்ப்பித்தன.

அவர்தம் வெற்றிக்குக் காரணம் கைத்திறனே என உடன் பணிசெய்தவர் கருதினர். பிறர் கைபட்டால் நூற்றில் பல முட்டைகள் வீணாக, ஜஸ்ட் கையில் ஏறக்குறைய எல்லாம் செவ்வனே வளர்ந்தன. உயிரினத்தை எந்நாளில் எந்நேரத்திற் பிடித்தல் வேண்டும், நீரின் வெப்பம் எவ்வளவு இருத்தல் வேண்டும், கண்ணாடிக் கலங்களில் வேதிப்பொருளின் வாடையும் இல்லாது எங்ஙனங் கழுவுதல் வேண்டும் என்பவற்றில் அவர் காட்டிய கடுமை வேடிக்கையாகப் பேசப்படும் அளவுக்கு இருந்தது. ஐயுற்றோர் வுட்ஸ் ஹோலுக்கு வரும்பொழுதெல்லாம் அவரிடமே முறை கேட்டனர். பிறர்க்கு உதவி செய்தே தம் நேரம் கழிகின்றது என அவர் வருந்தியதும் உண்டு. முட்டையை மருந்திட்டுக் கொன்று, மெல்லிய துண்டுகளாகச் சீவி, சாயமேற்றி நோக்கும் முறையை அவர் இகழ்ந்தாரல்லர், தாமே கையாண்டார். ஆயினும் உயிருள்ள முட்டையை முதலில் நன்கு கண்டறியாதவன் சாயமேற்றிய துண்டில் தான் காண்பது உண்மையா, மருந்து செய்த கோளாறா என்று கூற இயலாது என்பதே அவர் பிடி.

பொருளுதவி பற்றி ஒரு சொல். செல்வராகிய ஜூலியஸ் ரோசன்வால்டு 1920 முதல் அளித்த கொடையால் அவர்க்குக் கற்பிக்கும் சுமை குறைந்து, ஆராய்ச்சிக்குக் காலம் கிடைத்தது. இருப்பினும் கொடை முடியுந்தோறும் மீண்டும் பலர் வாயிலில் நின்று கேட்டல் வேண்டியிருந்தது. அவர்தம் திறனில் பாதியும் இல்லாத வெள்ளையர் பெரிய ஆய்வு நிலையங்களில் அமர்ந்திருக்க, அந்நிலையங்களில் ஒன்றும் அவரை அழைக்கவில்லை.

அழைப்பு ஐரோப்பாவினின்று வந்தது. 1929-ல் இத்தாலி நாட்டு நேப்பிள்ஸ் நகரின் கடலுயிர் நிலையத்தில் ஆராய்ச்சி செய்தார். 1930-ல் பெர்லின் நகரின் கைசர் வில்ஹெல்ம் உயிர்நூல் நிலையத்தார் அவரை விருந்தினராக வரவேற்றனர். அங்கு அவர் ஆய்வாளராக மதிக்கப்பட்டார்; நிறத்தைக் கேட்டபின் நாற்காலி தந்தவர் எவருமிலர். அவ்வாண்டு வேனிலில் லில்லியின் அறுபதாம் பிறந்தநாள் விழாவிற்காக வுட்ஸ் ஹோலுக்கு வந்து சென்றவர் மீண்டும் அவ்வூர்ப் பக்கம் திரும்பவே இல்லை. இருபதாண்டு உழைத்த இடத்தை அங்ஙனம் ஒரேயடியாக விட்டொழித்தமை அவருள்ளத்தில் எத்துணை புண் இருந்தது என்பதைக் காட்டும்.

ஆனால் 1933-ல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினும் அவர்க்குரிய இடமாக இல்லாது போயிற்று. பின்னர்ப் பாரிசும், பிரான்சு நாட்டு வடமேற்குக் கரையிலுள்ள ரோஸ்காப் நிலையமும் அவர்க்குப் புகலிடங்களாயின.

இவர் குற்றமே இல்லாதவர் என்று யான் எழுதப் போவதில்லை. ஹவார்டில் அவரிடம் பயின்று அவருக்குத் துணையாகப் பல வேனில் வுட்ஸ் ஹோலில் உழைத்த ரோஜர் ஆர்லைனர் யங் என்னும் பெண்மணி, பின்னர் அவரோடு பெரும்பிணக்குற்று, 1936-ல் வேலையும் இழந்தார். அவ்வம்மையார் 1940-ல் வேறிடத்தில் டாக்டர் பட்டம் பெற்று, விலங்கியலில் அப்பட்டம் எய்திய முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண்மணி எனப் பெயர் பெற்றார். தமக்குக் கதவடைத்தோரால் துன்புற்ற ஒருவர் தம் மாணவிக்குத் தாராளமாக இருந்திருக்கலாம் என்றே தோன்றுகின்றது. எதெல் அம்மையாரோடு வாழ்ந்த இல்வாழ்க்கையும் முறிந்தது. பெர்லினில் மெய்ந்நூல் பயின்று வந்த ஹெட்விக் ஷ்னெட்ஸ்லர் என்னும் ஜெர்மன் பெண்ணை அவர் 1939-ல் மணந்தார்.

அதே ஆண்டில் அவருடைய நூல்கள் இரண்டு வெளிவந்தன. ஒன்று கடலுயிர் முட்டைகளை வைத்து ஆராயும் முறைகளைக் கூறும் சிறுநூல். இருபது வேனிற்காலத்துக் கைப்பழக்கம் அதனுள் அடங்கியது. மற்றொன்று உயிரணுவின் மேற்பரப்பைப் பற்றிய பெருநூல். உயிரணுவின் மேற்படை வெறும் பையன்று. வெளியுலகை உணர்ந்து விடை தரும் உயிர்ப்பகுதி அதுவே என்பது அதன் உட்பொருள். அந்நாளில் அறிஞர் பலர் உயிரணுவின் உட்கருவையும் மரபணுவையுமே எல்லாவற்றிற்கும் காரணமாக நோக்கி வந்தனர். அவர்க்கு மறுப்புக் கூறும் வேகத்தில் ஜஸ்ட் மரபணுவின் பங்கை அளவுக்கு மீறிக் குறைத்துவிட்டார் என்றே இன்று கொள்ளுதல் வேண்டும். ஆயினும் மேற்பரப்பைப் பற்றி அவர் சொன்னதில் பெரும்பகுதி நிலைத்தது.

நூல்கள் வெளிவந்த அணிமையில் போரும் வந்தது. அயல்நாட்டார் வெளியேறுக எனப் பிரெஞ்சு அரசாங்கத்தார் கேட்டுக் கொண்டும், தொடங்கிய வேலையை முடிக்கும் பொருட்டு ஜஸ்ட் ரோஸ்காப்பிலேயே தங்கினார். 1940-ல் ஜெர்மானியப் படை பிரான்சுக்குள் புகுந்தபொழுது அவரைப் பிடித்துச் சிலகாலம் கைதிகள் முகாமில் அடைத்தனர். மனைவியின் குடும்பத்தார் முயற்சியாலும் அமெரிக்க அரசாங்கத்தின் தலையீட்டாலும் விடுபட்டு, அவ்வாண்டு செப்டம்பரில் தாய்நாடு சேர்ந்தார். முகாமுக்குச் செல்லுமுன்னரே நோயுற்றிருந்த உடல் மேலும் நலிந்தது. வெறுத்துப் பிரிந்த ஹவார்டுப் பதவிக்கே மீண்டும் வந்தார். கணையத்திற் புற்றுநோய் எனக் கண்ட சிறிது காலத்திற்குள், 1941 அக்டோபர் 27-ஆம் நாள் வாஷிங்டனில் உயிர் நீத்தார். வயது ஐம்பத்தெட்டு. எழுதி வெளியிட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுபதுக்கு மேற்பட்டன.

முட்டையின் பக்கம் நிகழ்வதை இவ்வளவு நுணுகிக் கண்ட ஜஸ்ட், விந்தணுவின் பக்கம் நிகழ்வதைக் காண இயலாமற் போயிற்று. அதற்குக் காரணம் அவர் கண்ணன்று, கருவி. விந்தணுத் தலையின் முன்னே அக்ரோஸோம் என்னும் சிறு பை உளது. கிரேக்கத்தில் அக்ரோன் என்பது நுனி, ஸோமா என்பது உடல். தமிழில் நுனியுடல் என்று கூறின் பொருந்தும். ஒளியைக் கொண்டு காட்டும் நுண்பெருக்கியில் அஃதொரு புள்ளி. அதனுள் நிகழும் மாற்றம் புலப்படாது. ஜஸ்ட் பெர்லினில் இருந்த அதே காலத்தில், 1931-ல், அதே நகரின் தொழில்நுட்பக் கலாசாலையில் எலெக்ட்ரான் நுண்பெருக்கியின் முதல் உருவை ருஸ்காவும் நோலும் அமைத்துக் கொண்டிருந்தனர் என்பதை எண்ணுங்கால் வியப்பாயுள்ளது. அக்கருவி உயிர்நூலார் கைக்கு வந்து சேருமுன் ஜஸ்ட் மறைந்தார்.

1952-ல் ஜீன் கிளார்க் டான் என்னும் அம்மையார் ஜப்பான் நாட்டு மிசாகிக் கடலுயிர் நிலையத்திலிருந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். முட்டை கிடந்த நீரில் இட்டவுடன் விந்தணுவின் நுனியுடல் வெடித்துத் திறக்கின்றது என்று அதிற் காட்டினார். அக்கட்டுரை வெளிவந்த இதழ் வுட்ஸ் ஹோலின் இதழேயாம்; நாற்பதாண்டுக்கு முன் ஜஸ்டின் முதற் கட்டுரையைத் தாங்கி வந்ததும் அவ்விதழே. நுனியுடல் திறந்ததும் உட்பொருள் வெளிப்பட, உயிரினத்திற்கேற்பச் சிறிதாகவோ நெடிதாகவோ ஓர் இழை முன்னோக்கி நீள்கின்றது. தசையில் உள்ள ஆக்டின் என்னும் புரதமே அவ்விழையாகத் திரள்கின்றது என்பது 1973-ல் தெரிந்தது. கடல் முள்ளெலியில் அவ்விழைமேற் பூசப்பட்டு, தன்னினத்து முட்டையையே பற்றச் செய்யும் புரதம் பைண்டின் எனும் பெயரோடு 1977-ல் அறியப்பட்டது. பாலூட்டிகளில், நுனியுடல் திறந்த பின்னரே விந்தணுவின் மேனியில் வெளிப்படும் இசுமோ என்னும் புரதத்தை ஜப்பானியர் 2005-ல் கண்டு, திருமணத்திற்குப் பெயர் போன தம் நாட்டுக் கோயிலொன்றின் பெயரை அதற்கு இட்டனர். அதனை ஏற்கும் முட்டைப்புரதத்தை 2014-ல் இங்கிலாந்தில் கண்டவர், உரோமரின் மணத்தெய்வமாகிய ஜூனோவின் பெயரை இட்டனர். ஒரு விந்தணு இணைந்த சிறிது நேரத்திற்குள் முட்டை தன் மேற்பரப்பிலுள்ள ஜூனோவை உதிர்த்துவிடுகின்றது. பின்வருவனவற்றுக்குப் பற்றுக்கோடு இல்லை. 1919-ல் மணற்கடலுயிரின் முட்டையில் ஜஸ்ட் கண்ட காவலுக்கு இஃதோர் உறவு எனலாம். வழி வேறாயினும் நோக்கம் ஒன்றே.

நுனியுடல் உளதா திறந்துவிட்டதா என அறியச் சாயமேற்றும் முறைகளும் பல ஏற்பட்டன. அவற்றுள் ஒன்றை என் தோழர் சொல்லக் கேட்டு மகிழ்ந்தேன். பட்டாணியிலும் நிலக்கடலையிலும், சர்க்கரைக் கூறுகளைத் தேடிப் பற்றும் புரதங்கள் உள. அவற்றோடு பச்சையாய் ஒளிரும் சாயத்தைப் பிணைத்து விந்தணுக்களின்மேல் இட்டால், நுனியுடலை அவை பற்றிக் கொள்ளும். நுனியுடல் குலையாத விந்தணுவின் தலை பச்சைத் தொப்பி அணிந்தாற் போல் ஒளிரும்; திறந்துவிட்டதில் நடுவே ஒரு பட்டையே மிஞ்சும், அன்றி ஒளியே இராது. மகப்பேறின்றி வருந்துவோர்க்கு உதவும் ஆய்வுக்கூடங்களிலும் இம்முறை கையாளப்படுகின்றது. கருநீரில் முட்டையை இட்டு நோக்கிய ஜஸ்ட் இதனைக் கண்டிருப்பின், முதலில் அக்கண்ணாடித் துண்டு எவ்வளவு தூய்மையாகக் கழுவப்பட்டது என்றே கேட்டிருப்பார் போலும்.

1983-ல் கென்னத் மானிங் என்பார் ஜஸ்டின் வரலாற்றை விரிவாக எழுதி வெளியிட்டார். அதன் பின்னரே அமெரிக்க நாட்டார் பலர் அவர் பெயரைக் கேள்வியுற்றனர். 1996-ல் அந்நாட்டு அஞ்சற்றுறையினர் அவர் உருவம் பொறித்த 32 சென்ட் தபால்தலை ஒன்றை வெளியிட்டனர்.